ஷீஜாவின் சாட்சிக்கு நாங்கள் சொன்ன ஸ்தோத்திரம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. குலசேகரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த என்னை எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலர் ஞானதாசன் மடக்கினார்.

"நம்ம ஷீஜா மலாவி நாட்டு மிஷன் ஆஸ்பத்திரியில நர்சு இல்லியா? லீவுல வந்தவ திரும்பப் போறா. சபை மலருக்கு அவளைப் பத்தி ஒரு கதை எழுதணும். படிக்கிறவன் கண்ணு கலங்கணும், கேட்டியளா?"

கையில் சாளை மீன் பையோடு இலக்கியக் கொள்கை பேச முடியாது. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஆப்பிரிக்காவின் அடர்ந்த கானகத்தில், முரசுகள் முழங்க, வெள்ளுடை தரித்த ஒரு தேவதை..."

இதை ஷீஜாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, காடு பாக்கணும்னா நம்ம கீரிப்பாறைக்குப் போங்க. அங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல பெட்ரோல் பங்குதான் இருக்கு. யூனிபாரமும் வெள்ளை இல்ல, நீலம்."

இரண்டாம் தொடக்கம்: "விமானத்தை விட்டு இறங்கிய ஷீஜாவின் கண்களில் ஒரு தெய்வீக ஒளி..." (இதையும் பாதியில் விட்டேன். அழைத்துவரப் போனவர்கள் எல்லாரும் அவள் கண்ணில் இருந்தது தூக்கம்தான் என்கிறார்கள்.)

மூன்றாம் தொடக்கம்: "ஷீஜா மலாவிக்குத் திரும்பிப் போக..."

இங்கே பேனா நின்றுவிட்டது. 'விரும்பினாள்' என்று போடுவதா, 'முடிவெடுத்தாள்' என்று போடுவதா? இரண்டில் எது என்று அவளை யாராவது கேட்டோமா?

3

கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம்? ஞானதாசன் அதற்குள் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் ஷீஜாவுக்குப் பின்னால் ஒரு சிங்கம். (மலாவியில் சிங்கம் உண்டாம். பிரசவ வார்டில் இல்லை.) ஆளாளுக்கு நேந்திரங்காய் வற்றலும் கருவாடும் கொண்டுவந்து குவித்ததில், அவள் பெட்டியில் சுடிதார் வைக்க இடமில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு ஆராதனை. பொன்னாடைகள் முடிந்ததும் ஷீஜாவைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள்.

(சபைப் பழக்கம் இல்லாதவர்களுக்கு: ஒருவர், கடவுள் தம் வாழ்வில் செய்ததைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வதுதான் சாட்சி. அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது நாங்கள் "ஸ்தோத்திரம்!" என்று, அதாவது கடவுளுக்கு நன்றி என்று, முழங்குவோம். பொருளைப் பார்த்துச் சொல்வதில்லை. அவர் மூச்சுவிடும் இடத்தைப் பார்த்துச் சொல்வது. எங்கள் சபை இதில் மகா கெட்டி.)

ஷீஜா மைக்கைப் பிடித்தாள்.

"அங்க ஒரு பொண்ணு பிரசவத்துக்கு வந்தா. பேரு கிரேஸ்."

"ஸ்தோத்திரம்!"

"பிள்ளை பொறந்த பெறவு ரத்தப்போக்கு நிக்கல்ல. ஏத்துறதுக்கு ஆஸ்பத்திரியில ரத்தமும் இல்ல."

"ஸ்தோத்திரம்!"

"என் கையிலதான் செத்தா."

"ஸ்தோத்திரம்!" (இந்த முறை சபையின் குரல் சற்றே கம்மியது என்று எழுத ஆசைதான். கம்மவில்லை.)

"எனக்குத் திரும்பப் போக பேடியா இருக்கு. போகணுமான்னே தெரியல்ல."

"ஸ்தோத்திரம்! அல்லேலூயா!"

ஞானதாசன் எழுந்து நின்று கைதட்டினார். கீபோர்டில் அடுத்த பாட்டு தொடங்கியது. ஷீஜா மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

(பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். இது வெளியூர்க்காரர்களுக்கு. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் அர்த்தம் தெரியும்.)

4

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா ஜெபகுமாரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல மக்கா, களைப்பு. அங்க போனா சரியாவும். பொன்னாடையெல்லாம் வாங்கியாச்சே! இனி போகல்லன்னா நான் சபையில எப்பிடி முகத்தைக் காட்டுவேன்?"

உள்ளே ஷீஜா பெட்டியிலிருந்து வற்றல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும்தான் ஸ்தோத்திரம் சொன்னிய அண்ணே."

"வாய்ப்பழக்கம் பிள்ளே" என்றேன்.

"கிரேஸை அடக்கம் பண்ணின மறுநாள் அவளுக்க மாமியார் ஒரு கோழி கொண்டு வந்து தந்தா. 'நீ எம்புட்டு பாடுபட்டே'ன்னு சொல்லி, என் கையைப் பிடிச்சா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அந்தக் கோழியை நான் அறுக்கவும் இல்ல, யாருக்கும் குடுக்கவும் இல்ல. வார்டுக்குப் பின்னாலதான் மேயுது. அதைப் பாக்கணும்னும் இருக்கு. பாக்கப் பேடியாவும் இருக்கு."

வருகிறாளா இல்லையா என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஞானதாசனுக்கான முடிவு: ஷீஜா விமானம் ஏறுகிறாள், மேகம் விலகுகிறது, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

பட்டணத்துப் பத்திரிகைக்கான முடிவு: ஷீஜா ஜங்ஷனுக்கு நடந்து போய் அந்த ஃப்ளெக்ஸைக் கிழித்தெறிகிறாள். (கிழிக்க முடியாது. அது இப்போது ஷீஜாவின் அடுத்த வீட்டு அஜிதாவின் ஆட்டுக்கூட்டுக்குக் கூரை. சிங்கத்துக்குக் கீழே ஆடுகள் நிம்மதியாக அசைபோடுகின்றன.)

இரண்டையும் ஷீஜாவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"போனான்னும் எழுதண்டாம், போகல்லன்னும் எழுதண்டாம் அண்ணே. போனான்னு அச்சடிச்சா நான் போயே ஆகணும். போகல்லன்னு போட்டா அம்மைக்கு ஊருல தலை நிமிர முடியாது. ரெண்டும் எனக்க முடிவு ஆவாது. நான் சொன்னதை மட்டும் எழுதுங்க. ஒரு ஆளாவது சத்தம் காட்டாம கேக்கட்டும். பெறவு நான் யோசிக்கேன்."

சபை மலர் இதைப் போடாது. அதனால்தான், வாசகரே, உங்களிடம் கொண்டுவந்தேன். முடிவை உங்களிடம் கேட்கவில்லை. தயவுசெய்து சொல்லிவிடவும் வேண்டாம். இந்தத் தாளில் அவள் இன்னொரு தடவை மைக்கைப் பிடிக்கிறாள். அவள் மூச்சுவிடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை அப்படியே இருக்க விடுங்கள்.

"எனக்குத் திரும்பப் போக பேடியா இருக்கு."

(          )