மணிக்கூண்டில் அறுந்த வடம்

வெல்பரோ நகரத்தின் பழைய மாட்டுச் சந்தையில் இப்போது மாடு கிடையாது. விக்டோரியா ராணி காலத்து மணிக்கூண்டு, எருதுத் தலை வார்த்த இரும்பு வேலி, மூலைக்கு ஒன்றாக இரண்டு மதுக்கடைகள். மிஞ்சியது அவ்வளவுதான். கொட்டகைகள் இருந்த இடத்தில் புல்தரையும் அடுக்கு வீடுகளும் வந்து ஐம்பது வருடமாகிறது.

சனிக்கிழமை தோறும் கிளெனிஸ் ஆக்ராய்டு, டிக்கெட் வாங்கிய ஆட்களைக் கூண்டுக்கு மேலே கூட்டிப்போய்க் கடிகாரத்தைக் காட்டுவாள். முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள். அவள் கீழே நின்று பேசினால் உச்சியில் இருக்கிற புறா பறக்கும்.

அந்தச் சனிக்கிழமை எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் வில்ஃப் சக்டன். எண்பத்தாறு வயது, வாலிபத்தில் இதே சந்தையில் மாடு ஓட்டியவர். படிக்கட்டை அண்ணாந்து பார்த்ததுமே முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நூத்தி எழுபது படியா? நம்மால ஆகாது கண்ணு. நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படியே நிக்கிறேன்."

"எதுக்கு நிக்கணும் ஐயா? உங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் பெஞ்சு போட்டு வச்சிருக்கேன். உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் அங்க இங்க நகரக் கூடாது."

"ஸ்கூல் பசங்கள மெரட்டுற மாதிரியே மெரட்டுறியே!"

கூண்டுக்குள் பெஞ்சை அந்த மூலையில் போட்டவள் கிளெனிஸ்தான். கடிகாரத்தை ஓட்டும் இரும்பு எடைகள் கம்பி வடத்தில் தொங்கி, ஏறி இறங்குகிற மூலை அது. முன்பு எடைகளைச் சுற்றித் தரைவரை மரக்கூடு இருந்தது. அடிப்பாகம் உளுத்துப்போனதால் குளிர்காலத்தில் கழற்றிவிட்டார்கள். எடைகள் ஆள் உயரத்துக்குக் கீழே எப்போதும் வந்ததில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மேலே கடிகார அறையில் டெஸ்மண்ட் அப்போதுதான் கைப்பிடியைச் சுற்றி எடைகளை உச்சிக்கு ஏற்றி முடித்திருந்தார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சிரைக்க வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கிளெனிஸ், எத்தன பேரை வழியிலேயே பறிகொடுத்த?"

"ஒருத்தர் கீழயே கழண்டுக்கிட்டார்."

பதினொரு மணி அடிக்கத் தொடங்கியது. நான்காவது அடி விழுந்தபோது காதோரம் சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். கம்பி வடத்தின் நுனி சுவரில் அறைந்து துள்ளியது. ஒரு நொடி நிசப்தம். பிறகு அடியிலிருந்து வந்த இடியில் காலடிப் பலகை குதித்தது. ஐந்தாவது அடி விழவேயில்லை.

டெஸ்மண்ட் அறுந்த நுனியைப் பிடித்துப் பார்த்தார். "எடை அறுந்து விழுந்துடுச்சு."

"கீழ அவர் இருக்கார்," என்றாள் கிளெனிஸ். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. கீழே கண் தெரியாத புழுதி. பெஞ்சு சிராய் சிராயாகக் கிடந்தது. நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்பு, தளக்கல்லைப் பிளந்து பாதிவரை புதைந்திருந்தது. அதன் அடியில் பழுப்புத் தொப்பி ஒன்றின் விளிம்பு.

கிளெனிஸ் மண்டியிட்டு வெறுங்கையால் கல்லைத் தோண்டினாள். நகம் பிய்ந்ததுகூட உறைக்கவில்லை. "ஐயா! ஐயா!" இரும்பைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தாள். நகராதீங்கன்னு சொன்னேனே, நான்தானே சொன்னேன் என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கண்ணு, கூண்டையே இடிச்சுத் தள்ளிட்டியா?"

வாசலில் வில்ஃப் நின்றிருந்தார். ஒரு கை இன்னும் இடுப்புப் பட்டையில் இருந்தது.

"எங்க... எங்க போனீங்க?"

"ஒண்ணுக்கு. அந்த வேலிக்குப் பின்னால. நகரக் கூடாதுன்னு சொன்னியேன்னு முடிஞ்ச மட்டும் அடக்கிப் பாத்தேன். இந்த வயசுல அது நாம சொன்னபடியா கேக்குது? எடத்த எவனாவது புடிச்சிடப் போறான்னு தொப்பிய வச்சிட்டு..."

அப்போதுதான் அவர் பெஞ்சைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். கிளெனிஸின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே விளங்கவில்லை. தவழ்ந்துபோய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் அவள் பிடியை விடுவித்தார்கள்.

திங்கட்கிழமை டெஸ்மண்ட் அவள் வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"வியாழக்கிழமை எடை ஏத்துறப்ப வடத்துல டிக் டிக்குன்னு கேட்டது... அதை விசாரணையில சொல்லணுமா? கிரீஸ் பத்தலன்னுதான் ரெண்டு பேரும் நெனச்சோம்."

"நீ நெனச்ச. நான் சனிக்கிழம டிக்கெட் எல்லாம் வித்துப்போச்சேன்னு வாய மூடிக்கிட்டேன். வடம் நைஞ்சிருக்குமோன்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு டெஸ்மண்ட்."

"அவர்தான் பொழச்சிட்டாரே."

"அவருக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, பொழச்சார். அதுல நம்ம சாமர்த்தியம் என்ன இருக்கு?"

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கூண்டை இலையுதிர்காலம் வரை பூட்டினார்கள். எடையை ஏற்ற மோட்டார் வைத்தார்கள். டெஸ்மண்டின் கைக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. மூன்று வாரம் அவளோடு பேசாமல் இருந்தவர், பிறகு ஒருநாள் பொரித்த மீன் பொட்டலத்தோடு வந்து, "நானும் போய்ச் சொல்லிட்டேன்," என்றார். இருவரும் காகிதத்தை விரித்துவைத்துச் சாப்பிட்டார்கள்.

கூண்டைத் திறந்த அன்று கிளெனிஸ் பத்துப் பேரோடு படியேறினாள். இரண்டாவது தளத்தில் படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிய கை விட மறுத்தது. பின்னால் நின்ற பெண், "மேடம், நாங்க போகலாமா?" என்று கேட்டாள். அவர்களுக்கு வழிவிட்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே கீழே இறங்கினாள்.