நாளைய நேர்காணல்

"அக்கா, பேஜார் பண்ணிக்காதே. நாளைக்கு இன்டர்வியூ கேன்சல்," என்றாள் ஆஷ்லி போனில். லீனா போகிற லிங்கராஜபுரம் சர்ச்சுக்கே வருகிறவள். இன்டர்வியூ நடத்தவிருந்த கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். "வெளிநாட்டுப் பொண்ணுன்னா பேப்பர் வேலை ஜாஸ்தின்றாரு மேனேஜர். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

லீனா போனை வைத்தாள். கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வேலை தேட உதவுவதுதான் அவள் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்.எஸ்சி. முடித்த தர்ஷிகாவுக்குச் சனிக்கிழமையோடு விசா முடிகிறது. இந்த ஓர் இடம்தான் மிச்சமிருந்தது.

கதவு திறந்தது. லீனா இரவல் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தர்ஷிகா ஒத்திகைக்கு வந்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று லீனா வாயைத் திறந்தாள். "உக்காரும்மா. ஆரம்பிக்கலாமா?" என்றுதான் வந்தது. தன் கோழைத்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"ஓம் மிஸ்."

"பாத்தியா, 'எஸ்'ஸுக்கு மறுபடி ஓம்! அங்க போயும் இப்படிச் சொன்னா, பூஜை பண்ண வந்திருக்கேன்னு நெனச்சுப்பாங்க."

தர்ஷிகா சிரித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் இங்கிலீஷில் பதில் சொன்னாள். லீனா ஒவ்வொரு பதிலுக்கும் தாளில் டிக் போட்டாள். இந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, இத்தனை மாதமும் இவளிடமிருந்து அல்லவா அதை வாங்கிக்கொண்டிருந்தேன்?

"எங்க கம்பெனியில எத்தனை வருஷம்..." லீனா கேள்வியை முடிக்காமல் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

தர்ஷிகா தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மிஸ், எனக்கும் மத்தியானமே மெயில் வந்திட்டுது."

"அப்புறம் ஏம்மா வந்தே?"

"எப்பிடிச் சொல்லுறதெண்டு நீங்கள் தவிச்சுக்கொண்டு இருப்பீங்கள். இதையாவது ஒழுங்காச் செய்து முடிப்பமெண்டு வந்தனான். வெள்ளிக்கிழமை பிளைட்."

லீனா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

தர்ஷிகா கோட்டைக் கழற்றி, மடித்து மேசைமேல் வைத்தாள். "அயர்ன் பண்ணித்தான் போட்டுக்கொண்டு வந்தனான் மிஸ். அடுத்த பிள்ளைக்குத் தேவைப்படும்."

அவள் போனபின், லீனா அதை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட இந்த ஊரில் தங்கவில்லை. கழுத்துப்பட்டியில் இன்னும் சூடு இருந்தது. வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் காத்திருப்பது தெரிந்தும் அவள் கூப்பிடவில்லை.