சரிவுக்கு ஒரு விதி

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ட்ரோன் வந்து மாதக்கணக்காகியும், அதை ஓட்டும் சுதேஷால் மலையுச்சிவரை அனுப்ப முடியவில்லை. ஓட்டுகிறவன் நிற்கும் இடத்திலிருந்துதான் பறக்கும் உயரத்தை அளக்க வேண்டும் என்பது விதி. வயல்வெளிக்கு அது சரி. இங்கே அடிவாரத்திலிருந்து கிளப்பினால், செடியை ஒட்டியே பறந்தாலும் பாதிச் சரிவிலேயே அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிடும். ஆகவே மேல்மலைக்கு இன்னமும் காளிமுத்துவும் மற்றத் தொழிலாளர்களும் மருந்து டாங்கியை முதுகில் சுமந்துதான் ஏறினார்கள்.

ட்ரோன் விதிகளைத் திருத்தும் குழுவைச் சேர்ந்த நிரஞ்சனி கண்டியிலிருந்து வந்தார். ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் சுதேஷ் நினைத்தான். அவரோ காளிமுத்துவின் பின்னாலேயே உச்சிவரை ஏறி, காலில் கடித்த அட்டையைத் தட்டிவிட்டு, கீழே நின்ற சுதேஷுக்குப் போன் போட்டு, "இப்போ விடுங்க தம்பி" என்றார்.

அன்றைக்கு மட்டும் விசேஷ அனுமதி. டாங்கியில் வெறும் தண்ணீர். ட்ரோன் அழகாக ஏறி வந்தது. திடீரென்று காற்று திரும்ப, பக்கத்து மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் சாரல் விழுந்தது.

"தண்ணியா இருக்கவே சரி," என்று சத்தம் போட்டாள் வடிவம்மா. "மருந்தா இருந்தா நாங்க எங்கங்க போறது?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் சுதேஷ். நிரஞ்சனி வடிவம்மாவிடம் போனார். "எதுவரைக்கும் நனைஞ்சிருக்கு, காட்டுங்க அக்கா." பிறகு காற்று மாறமாற, ட்ரோனைத் திரும்பத் திரும்பப் பறக்கவிடச் சொல்லி, வடிவம்மாவோடு செடி செடியாகத் தொட்டுப் பார்த்தார்.

அவர் இறங்கி வந்ததும் சுதேஷ் கேட்டான்: "அனுமதி கிடைக்காம போயிருமா மிஸ்?"

"கிடைக்கணும்னுதானே இவ்வளவு பாடு! பயந்துகிட்டு வேணாங்கிறது லேசு தம்பி. கண்ணை மூடிக்கிட்டு சரிங்கிறதும் லேசு."

தீபாவளி கழிந்து புதிய விதி வந்தது. உயரத்தை இனி ட்ரோனுக்கு நேர்கீழே உள்ள தரையிலிருந்து அளக்கலாம். ஆனால் பக்கத்து மலையில் வேலை செய்கிறவர்களில் யார் கையை உயர்த்தினாலும், அந்த நிமிடமே இறக்கியாக வேண்டும். இப்படியும் ஒரு சட்டம் எழுத முடியுமா என்று சுதேஷ் அசந்துபோனான்.

முதல் நாளே வடிவம்மா கையைத் தூக்கினாள். சுதேஷ் ட்ரோனை இறக்கினான். காற்று அடங்கியதும் அவளே தலையாட்ட, ட்ரோன் சரிவோடு சரிவாக உச்சியைத் தொட்டது. டாங்கியில்லாத முதுகோடு காளிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுதேஷ் உடனே போன் எடுத்தான். "மிஸ், உச்சிக்குப் போயிருச்சு!"

"அக்கா நிப்பாட்டினாங்களா?"

"ஒருக்கா நிப்பாட்டினாங்க."

"அப்போ சட்டம் வேலை செய்யுது," என்று சிரித்தார் நிரஞ்சனி.