ஸ்டோரில் காய்ந்த படகு

1

இந்தக் கதை ஒரு லாரியின் பின்பக்கத்தில் தொடங்கியது. 1979இல் போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எங்கள் பஸ் அரை மணி நேரம் நின்றது. முன்னால் போன லாரியில் இருபதடி நீளப் பாய்மரப் படகு. வளைவில் திரும்ப மாட்டேன் என்றது. கடல் இல்லாத ஊருக்கு இது எதற்கு என்று பஸ்ஸே கேட்டது. யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலை நான் இட்டுக்கட்டுகிறேன். ஆகவே என்னை முழுக்க நம்பிவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "போடி ஏலக்காய் வியாபாரி மொக்கச்சாமிக்குச் சிறுவயதிலிருந்தே கடல்மீது..."

இல்லை. நானே நம்ப மாட்டேன்.

இரண்டாவது: போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஆனையிறங்கல் அணைத் தண்ணீரில் எஸ்டேட் மானேஜர் ஒருவர் பாய்மரப் படகு விட்டார். மொக்கச்சாமி கரையில் நின்று பார்த்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

இது இருக்கட்டும். பொறாமை என்றால் நம்பலாம்.

பழைய படகு ஒன்றைப் பார்த்துவரக் கொச்சிக்குப் போனவர் கன்னையன். தச்சர், ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு மரத்தட்டு அடிப்பவர். "ஆஞ்சிலி மரம்ணே, நல்ல படகு" என்றார். விற்ற மத்தாயி, பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"திருப்பி எடுத்துக்கிறேன்னு எவனாச்சும் தானா எழுதுவானா?" என்றார் மொக்கச்சாமி. "ஒனக்கு எம்புட்டுக் குடுத்தான்?"

"டீ வாங்கிக் குடுத்தாருண்ணே."

"டீக்கு இம்புட்டு நல்ல படகா?"

3

படகு போடிக்கு வந்ததும் மொக்கச்சாமி பாயை வெயிலில் பிடித்து ஓட்டை தேடினார். கயிறுகளை முறுக்கிப் பார்த்தார். பலகையை முகர்ந்தார். ஈரம்!

ஏலக்காய் வியாபாரத்தில் ஈரம் என்றால் ஏமாற்று. ஈரக்காய் எடை கூட்டும். நிஜம் காய்ந்த பிறகுதான் தெரியும். ஆகவே படகின் நிஜத்தையும் பார்த்துவிடத் தீர்மானித்தார். ஸ்டோரின் அகலக் கதவுக்குள் படகைத் தள்ளி, அடுப்பை மூட்டி, பதினைந்து நாள் சூட்டில் வைத்தார். பிறகு பெயின்ட் அடித்தார்.

(இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், எனக்கு இது பிடித்த பகுதி. மரப்படகில் பலகைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இடுக்கில் பருத்தித் திரியைத் திணித்து, மேலே பட்டி பூசுவார்கள். தண்ணீர் புகாமல் தடுப்பது திரி மட்டுமல்ல. பலகை தண்ணீரைக் குடித்து, தச்சர் கணக்கில் அரை நூல் பருக்கும், பக்கத்துப் பலகையை நெருக்கும், இடுக்கு மூடும். காய்ந்த படகை இறக்கினால் முதலில் ஒழுகும். இரண்டு நாள் ஊறினால் நிற்கும்.)

4

யூகலிப்டஸ் கட்டைகள்மேல் உருட்டிப் படகை ஆனையிறங்கலில் இறக்கினார்கள். மிதந்தது. எஸ்டேட் ஆட்கள் கைதட்டினார்கள். கால் மணி நேரத்தில் உள்ளே முழங்கால் தண்ணீர்.

"சல்லடைய வாங்கிட்டு வந்திருக்கியேப்பா!" என்றார் மொக்கச்சாமி.

"ரெண்டு நாள் ஊறட்டும்ணே. தானா மூடிக்கிரும்."

"நாளையோட மத்தாயி எழுதின மாசம் முடியுது. இன்னைக்கு லோடு ஏத்தினாத்தான் நாளைக்குக் கொச்சி. நீ ரெண்டு நாள் கேக்குற. கணக்கா கேக்குறப்பா!"

"ஈரப் பலகைய ஸ்டோர்ல வச்சு வாட்டுனது யாரு?"

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில என்ன வச்சிருந்த?"

"சொன்னா, கமிசன் வாங்கிட்டுப் பேசுறேம்பீக."

(கன்னையன் ஏன் பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. இந்தப் பதிலை அவராகச் சொன்னார். நல்ல பதில்தான். முன்பே யோசித்து வைத்ததுபோலவும் இருக்கிறது.)

"இந்தப் படகு திரும்பிப் போச்சுன்னா," கன்னையனின் குரல் இறங்கியது, "நான் திருடன்னு ஆகிப்போகும். அப்புறம் போடியில எந்த ஸ்டோர்க் கதவு எனக்குத் தெறக்கும்?"

சொல்லிவிட்டுப் படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. படகின் அடி சேற்றைத் தொட்டு நின்றது.

5

முடிவு ஒன்று: மூன்றாம் நாள் இடுக்குகள் மூடின, மொக்கச்சாமி வெட்கப்பட்டு... அடித்துவிட்டேன். நல்லவருக்கு மரம் இவ்வளவு சீக்கிரம் சாட்சி சொல்லாது.

முடிவு இரண்டு: கன்னையனின் பெட்டியில் மத்தாயியின் பணம்... இதையும் அடித்துவிட்டேன். எழுதும்போது கை கூசியது.

மரத்தைப் பற்றித் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பதினைந்து நாள் சூட்டில் பலகை சுருங்கியிருந்தால் மூடிக்கொள்ளும். வெடித்திருந்தால் மூடாது. இரண்டிலும் உள்ளே வருவது ஒரே தண்ணீர். இரண்டு நாள் நம்பிக் காத்திருந்தால் தெரியும். காத்திருந்தால் திருப்பித் தர முடியாது.

லாரி டிரைவர் வீரணன் ஹாரன் அடிக்கிறார். "ஏத்தவா, வேண்டாமா? வெரசா சொல்லுங்கண்ணே. இருட்டுறதுக்குள்ள மூணாறு தாண்டணும்."

மொக்கச்சாமி என்னைத் திரும்பிப் பார்க்கிறார். "நீ யாரு பக்கம்? ஒனக்கு எம்புட்டுக் குடுத்தான்?" என்று கேட்பது போல இருக்கிறது. நான் இனி எது எழுதினாலும் கமிஷன் வாங்கியதாகத்தான் படும்.

நீங்கள் டீகூட வாங்கிக் குடிக்காதவர். தண்ணீருக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். வீரணனுக்குப் பதில் சொல்லுங்கள்.