தொண்ணூற்று நான்கு பேர்

சசிதரன் கோயம்புத்தூரில் படித்தது அரசியல். ஆனால் கொடியும் மேடையும் இல்லாத அரசியல். இரண்டு தரப்பு முட்டிக்கொண்டால் யார் என்ன செய்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கட்டம் போட்டு எண் எழுதி, முதலில் இறங்கி வரப்போவது யார் என்று சொல்கிற படிப்பு. அவன் அம்மா ஆண்டாயி, தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம், "என்னமோ கட்டம் போடுறான். ஜோசியம் மாதிரிதான் இருக்கு, கிளி மட்டும் இல்ல" என்று சொல்லி வைத்திருந்தாள்.

இரண்டாயிரமாவது வருஷம் அது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூளைச் சீந்துவாரில்லை. விலை இறங்கிய இறக்கத்தில் சிறு தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கீழ் டிவிஷன் மூடப்படும்; அங்குள்ள நாற்பத்தெட்டு வீடுகளையும் காலி செய்ய வேண்டும். ஆண்டாயியின் வீடு அதில் பதினேழாவது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபின் அவளுக்கென்று வாய்த்த ஒரே கூரை.

கீழ் டிவிஷன் மட்டும் வேலையை நிறுத்திப் பயனில்லை. மூடப்போகிற இடம்தானே அது. மூன்று டிவிஷனும் சேர்ந்து நின்றால்தான் ஃபேக்டரி ஓடாது, எஸ்டேட் மானேஜர் தொரை பேச வருவார். சங்கத் தலைவர் முத்துவேல் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது அவர் கேட்பார், எல்லோரும் கை தூக்குவார்கள். இருபத்தைந்து வருஷமாக அதுதான் வழக்கம். ஒரு கை இறங்கி நின்றதாகச் சரித்திரம் இல்லை.

"அதுதான் தலைவரே தப்பு" என்றான் சசிதரன். "பக்கத்து ஆள் பார்க்குறான்னு தூக்குற கை அது. தொரைக்கும் தெரியும், அதனால அவரு பயப்படுறதில்ல. சீட்டுப் போட்டு எண்ணிக் காட்டுங்க. நெசமாவே பாதிக்கு மேல நம்ம பக்கம்னு தெரிஞ்சா ஒரு வாரம் தாங்க மாட்டாரு."

"ஒரு வாரம்னு ஒன் கட்டம் சொல்லுதா?"

"சொல்லுது."

"கட்டத்துல மழை பெய்யுமா தம்பி?"

"பெய்யாதுங்க."

"நல்லாப் போச்சு. நமக்குத்தான் ஒழுகுது." முத்துவேல் சிரித்தார். லயத்திலிருந்து எம்.ஏ. வரை போன முதல் பிள்ளை அவன். அவன் பேச்சைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு ஒரு கொழுந்துக் கூடையை நடுவில் வைத்தார்கள். நிறுத்தம் வேண்டும் என்றால் வட்டம், வேண்டாம் என்றால் பெருக்கல் குறி. ஒவ்வொருவராய் உள்ளே போய்ச் சீட்டைப் போட்டு வந்தார்கள். சசிதரன் இரண்டு முறை எண்ணிவிட்டு வாசலில் நின்று உரக்கப் படித்தான். "வேண்டும், நூற்றுப் பதினாறு. வேண்டாம், தொண்ணூற்று நாலு."

ஜெயித்துவிட்டோம் என்று முகமெல்லாம் மலர நிமிர்ந்து பார்த்தான். கூட்டம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மேல் டிவிஷன் பரமசிவன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப, தொண்ணூத்தி நாலு பேருக்கு இஷ்டமில்லையா?"

"கீழ் டிவிஷன்லயே எழுபது பேரு" என்றாள் அவர் பக்கத்தில் நின்ற வேலாயி. "அதைக் கழிச்சா, நம்ம ஆளுங்கள்ல நாப்பத்தாறுதான் வருது."

அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

நிறுத்தத்தின் முதல் நாள் யாரும் கொழுந்து பறிக்க மலையேறவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணெல்லாம் எதிர் லயத்துக் கதவின் மேலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலை, பனி விலகுமுன் வேலாயி கூடையோடு ஏறினாள். சசிதரன் ஓடிப்போய் வழியில் நின்றான்.

"அக்கா, நீங்களே போகலாமா?"

"நான் போகாட்டி இன்னொருத்தி போவா. மொத ஆளாப் போனா திட்டுவாங்க. கடைசி ஆளாப் போனா வேலையே இருக்காது. திட்டே வாங்கிக்கிறேன், வழிய விடு."

அவள் பின்னால் நாலு பேர். மறுநாள் நாற்பது. ஐந்தாம் நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசை ரோடு வரை நின்றது. தொரை பங்களாவை விட்டு வெளியே வரக்கூட இல்லை.

அன்று மத்தியானம் சசிதரன் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிழை அகப்பட அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதை எழுதவே இல்லை. களத்தில் தூக்கிய கை பொய்யாகவே இருக்கட்டும். எல்லோரும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே சொன்ன பொய். அடுத்தவன் நிற்பான் என்று நம்பி இவன் நின்றான், இவனை நம்பி அவன். அந்த நம்பிக்கையைத்தான் சசிதரன் பிரித்து எண்ணி, வாசலில் நின்று படித்துக் காட்டினான். விட்டதைச் சேர்த்துக் கட்டத்தைத் திருத்தினான். மூன்றாம் நாள் முறியும் என்று வந்தது. அச்சுப் பிசகாமல் சரி. பேராசிரியர் பார்த்தால் மெச்சுவார் என்று ஒரு நினைப்பு எழுந்தது. கூடவே உடம்பெல்லாம் கூசியது.

முதல் தேதியன்று வேன் வந்தது. கேத்தியில் ஆண்டாயிக்குக் காரட் கழுவுகிற வேலையும் ஒரு தகரக் கொட்டகையும் கிடைத்திருந்தன. முத்துவேல் தானே வந்து பீரோவுக்குத் தோள் கொடுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சசிதரனுக்கு.

"அந்தத் தொண்ணூத்தி நாலு பேரையும் மன்னிக்க ஏலாதும்மா" என்றான், பாயைச் சுருட்டிக்கொண்டே.

ஆண்டாயி அடுப்புக் கல்லைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "அதுல நானும் ஒருத்திடா" என்றாள்.

அவன் பாயைக் கீழே வைத்தான்.

"வேலாயி ஊட்டுல ரெண்டு கைப்பிள்ளைங்க. என் கூரைக்காக அதுங்க ஏன் பட்டினி கிடக்கணும்னு தோணிச்சு. உள்ள தனியா நின்னேனா, யாரும் பார்க்கல. பெருக்கல் போட்டுட்டேன்."

"களத்துல கேட்டிருந்தா?"

"அது எப்படிடா? ஊரே தூக்கும்போது நான் மட்டும் தூக்காம இருப்பேனா? தூக்கியிருந்தா நின்னும் இருப்பேன், கடைசி வரைக்கும்." சாக்கின் வாயைக் கட்டி அவன் பக்கம் நகர்த்தினாள். "இதைப் பிடி. டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்."