அப்பறம் பேசறேன்

தலத்தெரு வீட்டு மாடியில் உட்கார்ந்து ஓர் அமெரிக்க போன் கம்பெனிக்காக அமெரிக்கர்களைக் கூப்பிட்டு அவர்களின் தொலைபேசியைப் பிடுங்குவதுதான் ஆக்சிலியாவுக்கு வேலை. பழைய கம்பி இணைப்பைக் கம்பெனி கட்டாயம் தந்தாக வேண்டும் என்ற விதியை அங்கே எடுத்துவிட்டார்கள். வியாபாரச் சுதந்திரமாம், மண்ணாங்கட்டி!

இன்று, மலையோரத்தில் தனியாக வாழும் ஒரு கிழவி. "இங்கே செல்போனுக்கு சிக்னல் எடுக்காது. விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவேன்?" என்று ஆங்கிலத்தில் அழுதாள்.

"வெள்ளிக்கிழமையோடு லைன் இருக்காது, மேடம்" என்று ஆக்சிலியாவும் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள்.

திருமலைராயன்பட்டினத்து அத்தையிடம், பேசப்போவதில்லை என்றாலும், "அப்பறம் பேசறேன் அத்தே" என்று சொல்லித்தான் அவள் போனை வைப்பாள். அந்தப் பழக்கத்தில் கிழவியிடமும் மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கிழவியின் அழுகை நின்றது. "மறந்துவிடாதே பெண்ணே. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்."