பானட் திறந்த ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணமாகி இரண்டு வருஷம் வரைக்கும் பகல் வெளிச்சத்தில் என் வீட்டுக்காரர் என்னோடு முகம் பார்த்துப் பேசியதில்லை. தென்காசியில் எங்களுடையது பெரிய குடும்பம். மாமனார், அத்தை, கொழுந்தன்மார் என்று எப்போதும் ஆள் இருக்கும். அவர்கள் முன்னால் பெண்டாட்டியைக் கூப்பிடுவது அன்றைக்குக் கூச்சமான காரியம். சுவரைப் பார்த்து, "தண்ணி வேணும்" என்பார். கொண்டுபோய் வைப்பேன். அவ்வளவுதான்.

அவர் வக்கீல். 1957-இல் பழைய கறுப்புக் கார் ஒன்று வாங்கினார். சில மாதத்திலேயே அது இருமத் தொடங்கியது. திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். பிளக் எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று என்றார்கள். திரும்பி வரும்போது பாவூர்ச்சத்திரத்தில் வண்டி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் அதே பழைய பிளக்குகள், துடைத்து மாட்டியிருக்கிறார்கள். காளைகளைக் கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தார்.

"இனி எவன் கையிலயும் வண்டியைக் கொடுக்க மாட்டேன். நானே பாத்துக்கிடுதேன்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்.

மதராஸிலிருந்து கார் ரிப்பேர் பற்றி ஒரு இங்கிலீஷ் புஸ்தகமும் ஒரு பை நிறைய ஸ்பானர்களும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தார். கொழுந்தன்மார் கொஞ்ச நேரம் கேலி பண்ணிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். உள்ளே ஒரு நட்டு. எப்படி வளைத்தாலும் அவர் கை அதற்கு எட்டவில்லை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி மங்களம், உன் கை சின்னக் கை. இங்கன விடு, பாப்போம்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பட்டப்பகலில், எல்லார் காதிலும் விழ. என் மணிக்கட்டைப் பிடித்து இஞ்சினுக்குள் வழிகாட்டினார். நட்டு அகப்பட்டது.

அத்தை, பெயர் குழல்வாய்மொழி, அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "ஏலே, வீட்டுக்கு வந்த பிள்ளையக் கரியில முக்கி எடுக்கியே, நல்லாவாலே இருக்கு?"

"வேற யாரு கை எட்டும், நீயே சொல்லும்மா" என்றார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இருவரும் காருக்கடியில்தான். மண்ணெண்ணெயில் சாமான்களைக் கழுவிக்கொண்டே பேசுவோம். கோர்ட்டில் நடந்தது, ராயகிரியில் என் அம்மா வீட்டுக் கதை, குழந்தை பிறந்தால் என்ன பெயர் என்பதெல்லாம் அங்கேதான் பேசினோம். கிரீஸ் வாடை என் புடவையை விட்டுப் போகவே இல்லை.

அடுத்த ஆடியில் அத்தையைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனோம். குளித்துவிட்டுத் திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில் இஞ்சின் அணைந்துவிட்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்டிரிபியூட்டருக்குள் ஈரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரும் அதைத்தான் சொன்னார். இறங்கினோம். அதன் மூடியைக் கழற்றினேன், துடைக்க உலர்ந்த துணி இல்லை. அத்தை தன் மூட்டையிலிருந்து மாற்றுச் சேலையை எடுத்துக் கொடுத்து, குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"நனையாதட்டி" என்று என் தலைக்குமேல் பிடித்தாள்.

"எனக்கு வேண்டாம் அத்தை, இஞ்சினுக்குப் பிடிங்க."

பிடித்தாள். முழுக்க நனைந்துகொண்டே பிடித்தாள். வண்டி கிளம்பியதும் கைகொட்டிச் சிரித்தது அவள்தான். மறுநாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வண்டிய எம் மருமகதான் பாக்கா" என்று சொல்லத் தொடங்கினாள்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்ததில், 1961 வாக்கில் வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாகிவிட்டன. அவர் பேப்பரோடு உட்கார்ந்தார், நான் அடுப்படிக்குள். பேச்சு மறுபடி 'தண்ணி வேணும்' அளவுக்குச் சுருங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட் திறக்கும் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன்.

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றார், ஸ்பானரைத் துடைத்தபடி. "சும்மா கழத்தி மாட்டுவோம். வா."

புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன்.